கிழட்டு நட்சத்திரங்களுக்கு ஒரு செக்கிங்

ஜனவரி 22, வியாழன்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்று கருத்தரங்கக் கூடத்தில் குறட்டை விட்டது பேராசிரியர் ஹயக்ரீவன் அல்ல, நான். அவர் எனக்கு முன் வரிசையில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எனக்கும் அந்தச் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. நானும் அவரையே பார்த்தேன்.

டீ கொடுத்து முடித்ததும் நான் வெளியே வந்திருக்க வேண்டும். ஏசி போட்டிருந்தார்கள், கடைசி வரிசை காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். மதுக்கரைக்கு மேற்கே இருக்கிற இந்த மையத்துக்கு வானத்தை ஆராய்கிற இடம் என்று பேர். நான்கு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன், ஒருத்தராவது தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் பார்க்கிறார்கள்.

பேசியது ஜெபா. மார்த்தாண்டத்துப் பெண், முப்பத்தொரு வயது. டாக்டர், ஆனால் ஊசி போடத் தெரியாது. தூங்குவதற்கு முன்னால் அவள் காட்டிய ஒரு படத்தைப் பார்த்தேன். கறுப்புத் துணியில் பஞ்சுத் தூசி ஒட்டிய மாதிரி ஒரே வெள்ளைப் புள்ளி. புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பச்சை வட்டம் போட்டுக் காட்டியிருந்தது. ஒன்றை விட்டிருந்தது. டம்ளர் எடுக்கும்போது மனம் கேட்கவில்லை.

“அம்மிணி, எடது பக்கம் கீழ ஒரு ஓட்டைய உங்க மிசினு விட்டுப்போட்டுதுங்களே.”

“எந்த இடத்துலக்கா?”

திரையில் விரலை வைத்துக் காட்டினேன். இருபத்திரண்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை தேடும் செக்கிங் பார்த்தவள் நான். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நானாகத்தான் வேலையை விட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஜெபா என் மாப் வாளி வரைக்கும் ஓடி வந்தாள். நான் காட்டிய இடத்தில் நிஜமாகவே ஒன்று இருக்கிறதாம். பேராசிரியர் இன்று யாரோடும் பேசவில்லை. பாவமாக இருந்தது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஜெபா எனக்கு விளக்கினாள். புரிந்தவரை எழுதி வைக்கிறேன். (நேரில் நீங்க, வாங்க. இங்கே அவள், இவள். நாட்குறிப்பு என்னுடையது.)

நம் விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டம். பக்கம் என்றால் ஐந்து கோடி ஒளியாண்டு. இவர்களுக்கு அது பக்கத்து வீடு. அங்கே புதிதாக நட்சத்திரம் எதுவும் பிறப்பதில்லை. இருப்பதெல்லாம் சிவந்துபோன கிழடுகள். ஆனாலும் அங்கிருந்து எக்ஸ் கதிர் வந்துகொண்டே இருக்கிறது, கை ஒடிந்தால் படம் எடுக்கிறார்களே, அதே கதிர். எங்கிருந்து வருகிறது என்பதுதான் சண்டை. பெரிய கட்சி ஒன்று, கூட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் சூடான வாயுவிலிருந்து என்கிறது. நம் ஜெபா, பாதிக்கு மேல் அந்தக் கிழட்டு நட்சத்திரங்களின் வேலை என்கிறாள்.

எப்படி என்று கேட்டேன். ஒரு கிழட்டு நட்சத்திரத்தோடு, செத்துச் சுருங்கிப்போன இன்னொன்று ஜோடியாகச் சுற்றுமாம். செத்தது, உயிரோடு இருப்பதை உறிஞ்சுமாம். உறிஞ்சியது உள்ளே விழும்போது கொதித்து எரியும். அதுதான் அந்தக் கதிர்.

வீட்டுக்காரர் செங்கோடனிடம் இதைச் சொன்னேன். “நம்ம கல்யாணத்தப் படம் புடிச்சு வச்சிருக்காங்க.”

“அதுல செத்தது யாரு?” என்று கேட்டார். முப்பது வருடத்தில் அவர் கேட்ட நல்ல கேள்வி இது.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜெபாவின் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் அதை யாரோ ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்களாம். அவர் யார், எந்த ஊர் என்று இவர்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

கிழட்டு நட்சத்திரங்கள் லட்சக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகக் கிடக்கும் இடங்கள் அங்கே உண்டு. ஜெபா சொல்வது சரி என்றால், எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் அந்தக் கொத்துகளின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறாள். அதற்கு அவர், கொத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அங்கேயெல்லாம் புள்ளி தெரியத்தான் செய்யும், தெரியாத ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்கிறார். கம்ப்யூட்டரை நம்ப முடியாது. புள்ளிகள் அத்தனை மங்கல். பத்து மணி நேரம் படம் எடுத்தால் ஒரு புள்ளிக்கு ஐந்தாறு துணுக்கு வெளிச்சம் வந்து விழுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 16-க்குள் பதில் அனுப்ப வேண்டும். மார்ச் 31-இல் ஜெபாவுக்கு இங்கே வேலை முடிகிறது. கட்டுரை ஏறினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பார்கள். ஏறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பிப்ரவரி 5, வியாழன்

மையம் முழுக்க ஆள் தேடினார்கள். எல்லோருக்கும் ஏதாவது கொஞ்சம் தெரிந்திருந்தது. கடைசியில் என்னிடம் வந்தார்கள். இவ்வளவு தகுதியோடு நான் எந்த வேலைக்கும் போனதில்லை.

பேராசிரியர் ஹயக்ரீவன் ஏற்பாட்டைச் சொன்னார். படத்திலிருந்து ஆயிரத்து இருநூறு சின்னக் கட்டங்களை வெட்டி எடுப்பார். பாதி, கொத்து இருக்கும் இடம். பாதி, ஒன்றுமில்லாத இடம். கலந்துகட்டித் தருவார். எது எது என்று எழுதிய பட்டியல் அவருடைய பீரோவில் பூட்டியிருக்கும். ஜெபாவுக்கும் தெரியாது. நான் பார்த்து, புள்ளி இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். எங்கள் செக்கிங் பிரிவில் தைத்த பனியன் பண்டில் வந்ததும் முதல் வேலையாக டைலர் பேர் எழுதிய சீட்டைக் கிழித்துவிடுவோம். தைத்தது யார் என்று தெரிந்தால் கண் கெட்டுப்போகும். மாமியார் தைத்ததில் ஓட்டை பெரிதாகத் தெரியும், சிநேகிதி தைத்ததில் தெரியவே தெரியாது.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டேன், தாளில் வேண்டும், வெள்ளையில் கறுப்புப் புள்ளியாக. அப்புறம், சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வேண்டும், துணியில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுவோமே, அது. பேராசிரியர் தானே கடைக்குப் போய் வாங்கி வந்தார். நல்ல மனுஷர். குறட்டை விஷயத்தை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தொடங்கியாயிற்று. தாளுக்கு இருபது கட்டம், மொத்தம் அறுபது தாள். காலை வேலை முடிந்து, பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் வடக்கு ஜன்னல் பக்கம். இன்று ஆறு தாள். அம்பு பதின்மூன்று.

நேராக முறைத்தால் மங்கல் புள்ளி தெரியாது. தாளை லேசாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் போகிற போக்கில் பார்க்க வேண்டும். தூசி தனியாக நிற்கும். பழுது, நாலைந்து சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரி 11, புதன்

ஆறு தாள். அம்பு பன்னிரண்டு. மூன்றாம் மாடிக் கழிவறையில் குழாய் ஒழுகுகிறது. எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆறு தாள். அம்பு பதினைந்து. நேற்றும் ஆறு, பதினான்கு. ஜெபா எட்டிப் பார்த்து, எப்படிப் போகிறது என்று கேட்டாள். “உங்க நட்சத்திரமெல்லாம் சல்லிசான தையலுங்க அம்மிணி, நெறையாத் திரும்பிப் போவும்” என்றேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. படித்தவர்களைக் கிண்டல் செய்தால் விளக்கவுரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

நாற்பத்தெட்டுத் தாள் முடிந்தது. ஜெபாவின் அறையைத் துடைக்கப் போனேன். புத்தகங்களை முட்டை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரு முன்னேற்பாடு என்றாள். பிறகு, அவளுடைய சின்ன ஃபிரிட்ஜ் எனக்கு வேண்டுமா, அதைப் பஸ்ஸில் மார்த்தாண்டம் கொண்டுபோக முடியாது என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆறு தாள். அம்பு நாற்பத்து மூன்று. இன்று ஜன்னலில் வெளிச்சம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

கடைசி ஆறு தாள். அம்பு நாற்பத்தாறு. வேலை முடிந்தது. வெளிச்சம் இன்றும் பரவாயில்லை. சாயங்காலம் தலைவலி, ரசம் மட்டும் வைத்தேன். “நட்சத்திரம் தீந்துபோச்சா?” என்று செங்கோடன் கேட்டார். பதில் சொல்லாமல் நான் இருந்ததைப் பார்த்துப் பயந்துபோய் அவரே பாத்திரம் கழுவினார்.

பிப்ரவரி 25, புதன்

பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கொத்துப் பட்டியலை அவர் இன்னும் திறக்கவில்லை. அதற்கு முன் வேறொன்றைச் சரிபார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் ஒரே கட்டத்தைத் திருப்பி வைத்து இரண்டாம் முறையும் சேர்த்திருந்தாராம், அப்படி நூறு கட்டம். செக்கிங் ஆள் நிலையாகப் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள.

நாற்பத்தெட்டாம் தாள் வரைக்கும் ஒரே கட்டத்துக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம், முன்னால் இல்லை என்ற கட்டத்துக்கெல்லாம் அம்பு.

கடைசிப் பன்னிரண்டு தாளை வேறு யாராவது பார்த்தார்களா என்று மெதுவாகக் கேட்டார். ஜெபா என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் கேள்வியிலேயே வழி இருந்தது. ஆமாம், என் தங்கச்சி வந்து பார்த்தாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தங்கச்சி இல்லை, ஆனால் அது அவருக்குத் தெரியாது.

“நான்தானுங்க. அம்மிணி பொட்டி கட்டறதப் பார்த்தனுங்க. தூசியவெல்லாம் புள்ளின்னு ஒட்டிப்போட்டனுங்க.”

சொன்னதுதான் சொன்னோம், கையோடு அதையும் முடித்துவிடலாம் என்று, ஜனவரியில் குறட்டை விட்டதும் நான்தான் என்றேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை நீங்க மொதல்ல சொல்லியிருக்கணும்” என்றார். “என் ஆத்துலயே நம்பலை.”

ஜெபா சிரிக்கவில்லை. வெளியே நடைக்கு வந்ததும் நின்றாள்.

“எக்கா, எனக்குப் பாவம் பாத்து ஒரு புள்ளியும் வேண்டாம். இருந்தா இருக்குன்னு எழுதுவேன். இல்லேன்னா, நான் சொன்னது தப்புன்னு எழுதிட்டு ஊருக்குப் போவேன். அதுக்குக்கூட எனக்கு ஒரு நேரான கண்ணு வேணும். உங்க கண்ணத்தான் நம்புனேன்.”

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார்கள். ஒருத்தரும் இப்படி மெதுவாகச் சொன்னதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

சீட்டைக் கிழித்துவிட்டோம், டைலர் பேர் இல்லை என்று நினைத்தேன். டைலர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பேராசிரியரிடம் போனேன். எல்லாத் தாளையும் தூக்கிப் போடுங்கள், திரும்பக் கலந்து புதிதாக அச்சடித்துக் கொடுங்கள், முதலிலிருந்து பார்க்கிறேன் என்றேன். நாள் போதாது என்றார். ஒரு நாளைக்கு எட்டுத் தாள் பார்ப்பேன் என்றேன். கண் தாங்குமா என்று கேட்டார்.

“அதக் கண்ணுகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க” என்றேன்.

ஜெபாவிடமும் ஒன்று சொன்னேன். இது முடியும்வரைக்கும் அவள் என் முன்னால் வரக் கூடாது. பேசக் கூடாது. அவள் அறையை நான் துடைக்க மாட்டேன், அவளே துடைத்துக்கொள்ள வேண்டும். அவள் நன்றாக இருக்கிறாளா, இளைத்தாளா, எனக்கு எதுவும் தெரியக் கூடாது.

மார்ச் 2, திங்கள்

எட்டுத் தாள். அம்பு பதினெட்டு.

மார்ச் 3, செவ்வாய்

எட்டுத் தாள். பதினேழு. மாடிப்படியில் எதிரே வந்த ஜெபா என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பி மேலே ஏறிவிட்டாள். கீழே வர அவளுக்கு வேறு வழி கிடையாது. இருபது நிமிடம் மேலேயே நின்றிருப்பாள். வேண்டுமென்றே படியை மெதுவாகத் துடைத்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

எட்டுத் தாள். பத்தொன்பது. நேற்றும் எட்டு, பதினாறு. இன்று கேன்டீனில் தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு கை மட்டும் வந்து தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு போனது. நான் பார்க்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எட்டுத் தாள். இருபது.

பஞ்சுத் தூசியால் கம்பெனியை விட்டேன் என்று ஜனவரியில் எழுதியிருக்கிறேன். தூசியும் உண்டு. கடைசி மாதத்தில் ஒரு லாட் சரக்கு பழுதென்று திரும்பி வந்தது. அது நான் பார்த்த லாட் இல்லை. அந்தப் பிரிவில் வயது கூடியவள் நான், அதனால், “துளசிமணியக்கா, கண்ணு மங்கிப்போச்சு, ஊட்ல இருங்க” என்றார்கள். வீட்டில் செங்கோடனிடம் தூசி என்றுதான் சொன்னேன். அவரும் தூசி என்றே வைத்துக்கொண்டார்.

இன்று வெளிச்சம் சுமார். அதனால் என்ன.

மார்ச் 10, செவ்வாய்

சனிக்கிழமையும் வந்து எட்டு, நேற்றும் எட்டு பார்த்தாயிற்று. இன்று கடைசி நான்கு தாள். அம்பு எட்டு. அறுபது தாளையும் உறையில் போட்டு, என் கையால் ஒட்டி, பேராசிரியர் மேசையில் வைத்தேன். ஜெபாவின் நட்சத்திரம் ஜெயித்ததா தோற்றதா, சத்தியமாக எனக்குத் தெரியாது. இப்படித் தெரியாமல் இருப்பது இவ்வளவு சுகம் என்று மறந்தே போயிருந்தேன்.

மார்ச் 11, புதன்

முதலில் திருப்பி வைத்த நூறு கட்டத்தைச் சரிபார்த்தார். தொண்ணூற்றேழில் ஒரே பதில். பேராசிரியர் அந்த எண்ணை இரண்டு தரம் படித்தார். இவர்களுடைய மாணவர்களை வைத்து முன்பு வேறொரு படத்தில் பார்த்தபோது எண்பதைத் தாண்டவில்லையாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மதுக்கரை மலை இன்றைக்குத் துல்லியமாகத் தெரிந்தது, ஒவ்வொரு மரமாக எண்ணலாம் போல.

பிறகு பீரோவைத் திறந்தார். சாவி திரும்ப மறுத்தது. ஜெபா நாற்காலியில் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதின்மூன்று நாளைக்கப்புறம் இப்போதுதான் அவளை முழுசாகப் பார்க்கிறேன். இளைத்துத்தான் இருந்தாள்.

திருப்பி வைத்த நூறு போக, ஒன்றுமில்லாத கட்டங்கள் ஐந்நூற்றைம்பது. அதில் அம்பு ஏழு.

கொத்து இருக்கும் கட்டங்கள் ஐந்நூற்றைம்பது. அதில் அம்பு நூற்றுப் பதினெட்டு.

எனக்குக் கணக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஏழு எது, நூற்றுப் பதினெட்டு எது என்று தெரியும். ஜெபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதுதான் துடைத்திருந்தேன், ஈரம். சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

“எக்கா, அதுங்கதான்” என்றாள். “அந்தக் கிழடுங்கதான் எரிஞ்சுகிட்டு இருக்கு.”

“பின்ன என்னுங்க அம்மிணி. வயசானா அணைஞ்சுபோவோம்னு உங்களுக்கு ஆரு சொன்னது?”

பேராசிரியர் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டோம்.

மார்ச் 13, வெள்ளி

பதில் அனுப்பியாயிற்று. கட்டுரையில் என் பேரையும் போட வேண்டும் என்று ஜெபா ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் போடலாமே என்றார் பேராசிரியர். செக்கிங் பார்த்தவளுக்கு நன்றி சொல்லி அனுப்புகிற வழக்கம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம், இந்தக் கட்டுரையே அந்தக் கண்மேல்தான் நிற்கிறது என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், கண்ணைத் திறந்துகொண்டே. ஜெபா, ஹயக்ரீவன், துளசிமணி என்று வரிசை. பேருக்குக் கீழே எந்தப் பிரிவு என்று போட வேண்டும் என்று கேட்டார்கள். செக்கிங் என்று போடச் சொன்னேன். மையத்தின் பேரைப் போட்டுவிட்டார்கள்.

முதல் சுற்றில் நடந்ததையும் ஒரு பத்தி எழுதியிருக்கிறாள். பார்த்தவர் ஒரு முறை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார், அதைத் திருப்பி வைத்த கட்டங்கள் காட்டிக்கொடுத்தன, எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் திரும்பப் பார்த்தோம் என்று. எடுத்துவிடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

முகம் தெரியாதவர் ஒப்புக்கொண்டார். என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு பத்திதான் தன்னை நம்ப வைத்தது என்றும் எழுதியிருக்கிறார். கட்டுரையின் மூன்றாவது ஆசிரியர் இப்படிப் பார்க்க எங்கே பயிற்சி பெற்றார் என்று ஒரு கேள்வி. ஜெபா, திருப்பூர் என்று பதில் எழுதினாள். அவர் அதை ஏதோ பெரிய பல்கலைக்கழகம் என்று நினைத்திருப்பார். தப்பில்லை.

மார்ச் 30, திங்கள்

ஜெபாவுக்கு இரண்டு வருடம் நீட்டிப்பு. நானே போய் முட்டைப் பெட்டியிலிருந்த புத்தகங்களை எடுத்து அடுக்கினேன். தலைகீழாக அடுக்கிவிட்டேனாம். பதின்மூன்று நாள் தன் அறையைத் தானே துடைத்தவளுடைய தரையை அப்புறம் பார்த்தேன். அதைப் பற்றி அவளிடம் இரண்டு வருடமும் பேசலாம்.

செங்கோடனிடம் கட்டுரையைக் காட்டினேன். இங்கிலீஷில் என் பேர் எது என்று கேட்டார், காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். “உன்ற கண்ணு மங்கவே இல்லைன்னு எனக்குத் தெரியும்” என்றார். தூசி என்றுதானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கருத்தரங்கக் கூடத்தில் பாராட்டு விழா. இயக்குநர் வந்திருந்தார். ஜெபா பேசினாள், நான் இந்த முறை முன் வரிசையில் உட்கார்ந்து முழுவதும் விழித்திருந்தேன். மேடைக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கும்பிட்டபடி இரண்டு எட்டுப் பின்னால் போனேன். அங்கே ஒரு ஸ்டாண்டு விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது பொன்னாடையை இழுத்துக்கொண்டது. விசிறி நின்றது, பிறகு புகைந்தது, பிறகு கட்டடத்தில் கரண்ட் போனது. பொன்னாடையில் முக்கால் முழம் குறைவு. எலக்ட்ரீசியன் புதன்கிழமை வருவார்.